அந்தமான் கடிகாரமும் நம்முடைய ஏழு நாட்களும்

போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வருகிற தமிழர் யாராக இருந்தாலும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார். "என்ன சார், மணி நாலரைதான் ஆகுது, அதுக்குள்ள வெளுத்துடுச்சே?" நவம்பரில் வந்தவராக இருந்தால் கேள்வி தலைகீழாக வரும். "அஞ்சு மணிக்கே இருட்டிடுச்சே, நான் இன்னும் கேஷே டேலி பண்ணலையே?"

(2024 செப்டம்பரில் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். நான் சொல்லப்போவது பெரும்பாலும் பழைய கதை என்பதால் பழைய பெயரிலேயே எழுதுகிறேன்.)

வங்கிக்காரர்களுக்கு நேர மேலாண்மை என்று ஒரு வகுப்பு உண்டு. பயிற்சிக் கல்லூரிக்குப் போனால் கண்டிப்பாக ஒரு மதியம் அதற்கு ஒதுக்கியிருப்பார்கள். நான்கு கட்டம் போட்டு, எது அவசரம், எது முக்கியம் என்று பிரிக்கச் சொல்வார்கள். வாரத் திட்டம் எழுதினால் மன உளைச்சல் குறையும் என்பார்கள். நல்ல வகுப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்தை நமக்கு யார் வகுத்துக் கொடுத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்து வந்தது, சுவரில் ஓடுவது யாருடைய கடிகாரம் என்று அங்கே ஒருவரும் சொல்வதில்லை. நான் வணிகவியல் படித்தவன். வரலாறு என் பாடம் அல்ல. இந்தத் தீவில் வேலை பார்க்கத் தொடங்கிய பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். வெளியூரிலும் வெளிநாட்டிலும் குடும்பத்தோடு இருந்துகொண்டு, வாரம் போதவில்லையே என்று தவிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கதை உதவும் என்று தோன்றியது.

ஐம்பது நிமிடக் கணக்கு

முதலில் கடிகாரம். சென்னை ஏறக்குறைய 80 கால் டிகிரி கிழக்கில் இருக்கிறது. போர்ட் பிளேர் 92 முக்கால் டிகிரி. வித்தியாசம் பன்னிரண்டரை டிகிரி. பூமி ஒரு டிகிரி சுழல நான்கு நிமிடம் ஆகும். ஆக ஐம்பது நிமிடம். சென்னையில் சூரியன் எழுவதற்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முன்பே இங்கே எழுந்துவிடும், அதே போல முன்பே மறைந்தும் விடும். ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்குள் உதயம். நவம்பரில் ஐந்து மணிக்குள் அஸ்தமனம். பகல் நீண்டிருக்கும் ஜூன், ஜூலையில்கூட ஆறு மணிக்கு வெயிலைப் பார்க்க முடியாது.

19ஆம் நூற்றாண்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு பெரிய ஊருக்கும் அதனதன் நேரம் இருந்தது. 1792இல் சென்னையில் வானியல் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. அங்கே கணக்கிட்ட மெட்ராஸ் நேரத்தைத்தான் பின்னாளில் இந்திய ரயில்வேக்கள் எடுத்துக்கொண்டன. கல்கத்தாவுக்குத் தனி நேரம், பம்பாய்க்குத் தனி நேரம். அந்த வரிசையில் போர்ட் பிளேருக்கும் ஒரு தனி நேரம் இருந்தது. மெட்ராஸ் நேரத்தைவிட 49 நிமிடம் 51 விநாடி முன்னால் ஓடியது. மேலே நாம் போட்ட கணக்கும் அதுவும் எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது பாருங்கள்!

1906 ஜனவரி 1 அன்று இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்று அறிவித்தார்கள். 82 அரை டிகிரியை நடுக்கோடாக வைத்துப் பிறந்ததுதான் இன்றைய இந்திய நேரம். கல்கத்தா அதை லேசில் ஏற்கவில்லை. தன் நேரத்தை 1948 வரை விடவில்லை. பம்பாய் 1955 வரை தன் நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. போர்ட் பிளேரில் அடம் பிடிக்க யார் இருந்தார்கள்? கைதிகளும் காவலர்களும்தான். அன்று போன நேரம் போனதுதான். இன்றும் இங்கே சூரியன் சுவர்க் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் முந்தி ஓடுகிறது.

வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோகோ தீவுகள் மியான்மருக்குச் சொந்தம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால். தெற்கே கிரேட் நிகோபாரைத் தாண்டினால் இந்தோனேசியாவின் ஆச்சே; அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னால். ஒரே கடல், ஒரே சூரியன், மூன்று கடிகாரம். 2018இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்து விஞ்ஞானிகள், வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமான் நிகோபாருக்கும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் இரண்டாவது நேரம் வேண்டும் என்று கட்டுரை எழுதினார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் மட்டும் யாரையும் எதிர்பார்க்காமல், ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் 'பாகான் நேரம்' என்ற தோட்ட நேரத்தைத் தாங்களாகவே வைத்துக்கொண்டிருக்கின்றன.

அயல்நாட்டுத் தமிழர்களுக்கு இது புதிதல்ல. சிங்கப்பூரில் 1942இல் ஜப்பானியர் நுழைந்ததும் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பினார்கள். 1982 ஜனவரி 1 அன்று அதே சிங்கப்பூர் இன்னோர் அரை மணி நேரம் முன்னே நகர்ந்தது. இலங்கையில் 1996 மே மாதம் அரசு ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளியது. அதே வருடம் அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. 2006 ஏப்ரலில் பழையபடி ஆக்கியது. இடைப்பட்ட பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடியது. சோதனைச் சாவடியின் இந்தப் பக்கம் ஒரு மணி, அந்தப் பக்கம் ஒரு மணி. கடிகாரத்தைத் திருப்பும் கை யாருடையதோ, நம்முடைய நாளும் அவர் கையில்தான்.

1906இல் மூன்று நாட்காட்டிகள்

அந்த 1906ஆம் வருடத்தில் இந்தத் தீவில் இன்னும் இரண்டு விஷயங்கள் நடந்தன. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

ஒன்று, 1896இல் தொடங்கிய செல்லுலார் சிறையின் கட்டுமானம் முடிந்தது. இரண்டு, ராட்கிளிஃப் பிரௌன் என்ற இளம் மானிடவியல் ஆய்வாளர் அந்தமானுக்கு வந்து சேர்ந்தார். இங்குள்ள பழங்குடியினரைப் பற்றி அவர் எழுதிய நூல் 1922இல் வெளிவந்தது. காட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும் மரங்களையும் கொடிகளையும் வைத்தே அந்தமானியர் வருடத்தைப் பிரித்துக்கொள்வதாக அதில் எழுதியிருக்கிறார். இப்போது காட்டில் எந்தப் பூவின் மணம் வீசுகிறதோ, அதுவே இந்தக் காலத்தின் பெயர். வாசனையால் ஆன நாட்காட்டி. அதில் திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, மாதக் கடைசி இல்லை, மார்ச் 31 இல்லவே இல்லை :-)

அதே தீவில், அதே வருடத்தில், கடற்கரையோரம் எழுந்து நின்ற செங்கல் கட்டடத்தில் முற்றிலும் வேறொரு நாட்காட்டி. அக்காலத்து அரசாங்க விவரக் குறிப்புகளில் ஆயுள் கைதிக்கான கால அட்டவணை துல்லியமாக இருக்கிறது. முதல் ஆறு மாதம் செல்லுலார் சிறையில் தனிமை. அடுத்த ஒன்றரை வருடம் சிறைக்குள் மற்றவர்களோடு கடும் உழைப்பு. அதன் பிறகு மூன்று வருடம் கொட்டடி வாழ்க்கை: பகலில் வெளியே கூலியில்லாத வேலை, இரவில் பூட்டு. பிறகு ஐந்து வருடம் சற்று இலகுவான வேலை, கைச்செலவுக்கு மிகச் சிறு தொகை. பத்து வருடம் முடிந்தால் ஒரு சீட்டுக் கொடுத்து, உன் பிழைப்பை நீயே பார்த்துக்கொள் என்று கிராமத்தில் குடியிருக்க விடுவார்கள். முழு விடுதலை இருபது, இருபத்தைந்து வருடம் கழித்து. கடன் திருப்பிச் செலுத்தும் அட்டவணைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு மனிதனின் இருபத்தைந்து வருடத்தை இப்படித் தவணை பிரித்து எழுதியதை வேறெங்கும் கண்டதில்லை.

நாளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. செக்கில் பூட்டப்பட்ட கைதி ஒரு நாளில் 30 பவுண்ட் தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும். ஏறத்தாழ பதின்மூன்றரை கிலோ. மாடு செய்கிற வேலை. இன்று குறைந்ததை நாளைக்குச் சேர்த்துத் தருகிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. குறைந்தால் தண்டனை. மறுநாள் காலை மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து 30 பவுண்ட்.

இது மனிதரை என்ன செய்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. அலிப்பூர் வழக்கில் தண்டிக்கப்பட்டு வந்தவர்களில் இந்துபூஷண் ராய் 1912இல் தன் அறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அதே வருடம் உல்லாஸ்கர் தத் மனம் குலைந்து போனார். பிறகு அவரைச் சென்னை மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மன உளைச்சல் என்ற சொல்லை நாம் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகிறோம். அதன் கடைசி எல்லை எது என்று பார்க்க வேண்டுமானால் அந்தச் செக்கடிக்குத்தான் போக வேண்டும். கடுமையான வேலை மட்டும் அவர்களை உடைக்கவில்லை. தன் நாளில் ஒரு நாழிகைகூடத் தன்னுடையது இல்லை என்ற நிலையும் சேர்ந்துதான் உடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கிடைத்தது?

இனி வாரத்துக்கு வருவோம். ஏழு நாள் கொண்ட வாரம் நமக்குப் புதிதல்ல. பழைய கல்வெட்டுகளிலேயே கிழமைகள் வருகின்றன. ஆனால் அது பஞ்சாங்கத்து வாரம். ஆறு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு என்ற வாரம் ஆலைகளின் பின்னால் வந்தது. அதுவும் தானாக வரவில்லை.

1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயது முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒன்பது மணி நேர வேலை, மாதம் நான்கு நாள் விடுமுறை என்றது. பெரியவர்களைப் பற்றிப் பேசவேயில்லை. 1884இல் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டினார். 5,500 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பம் தயாரானது. அதில் முதன்மையான கோரிக்கை, ஞாயிற்றுக்கிழமை முழு நாள் ஓய்வு. மதியம் அரை மணி நேர இடைவேளை வேண்டும் என்றும், காலை ஆறரைக்குத் தொடங்கும் வேலை சூரியன் மறையும்போது நின்றுவிட வேண்டும் என்றும் கேட்டார்கள். நேரத்தைக் கேட்டவர்கள் சூரியனையே சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். ஆறு வருடம் கழித்து, 1890 ஜூன் 10 அன்றுதான் பம்பாய் ஆலைகளில் ஞாயிறு விடுமுறை ஏற்கப்பட்டது. அடுத்த வருடம், 1891 சட்டத்தில் வார விடுமுறை எழுத்தில் ஏறியது.

எழுத்தில் ஏறியது வேறு, கையில் கிடைத்தது வேறு. பதினேழு வருடம் கழித்து, 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வோடு வார விடுமுறையையும் கேட்டார்கள். சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்த ஒன்றை வாங்கத் தெருவுக்கு வர வேண்டியிருந்தது. முன்னின்றவர்கள் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

வெற்றி கிடைத்த ஒரே வாரத்தில், மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைதானார். ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் தீர்ப்பு. இரண்டு ஆயுள் தண்டனைகள், நாடு கடத்தல். அன்றைக்கு நாடு கடத்தல் என்றால் அந்தமான். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. அவர் இந்தத் தீவுக்கு வரவில்லை. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் இருந்து 1912 டிசம்பர் 24 அன்று விடுதலையானார். ஆனால் செக்கு அவரை விடவில்லை. அந்தமானில் சுற்றிய அதே செக்கைக் கோயம்புத்தூர் சிறையில் இழுத்தார். தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் வாங்கித் தந்தவரின் எல்லா நாட்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கப்பலோட்டிய தமிழன் என்று அவரைப் பள்ளியில் படித்தோம். நம் ஞாயிற்றுக்கிழமையிலும் அவருக்குப் பங்குண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அதே சிறை, வேறு அட்டவணை

கதை இங்கே முடியவில்லை. செல்லுலார் சிறைக்கே திரும்புவோம். 1930களில் மீண்டும் அரசியல் கைதிகளை அங்கே அனுப்பத் தொடங்கினார்கள். 1933 மே 12 அன்று அவர்கள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா மூவரும் உயிரிழந்தார்கள். 46 நாள் கழித்து நிர்வாகம் இறங்கி வந்தது.

அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? மனிதர் சாப்பிடக்கூடிய சாப்பாடு, படுக்கை வசதி, படிக்கப் புத்தகம், பத்திரிகை. அதோடு இரவில் அறையில் ஒரு விளக்கு. நவம்பரில் ஐந்து மணிக்குள் சூரியன் விழுந்துவிடும் ஊரில், அந்த விளக்குக்கு என்ன பொருள் என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் புரியும். இருட்டில் கிடந்த நாலைந்து மணி நேரம் ஒரே நாளில் அவர்களுடையதாகிவிட்டது.

அந்த நேரத்தை வைத்துக்கொண்டு அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. தங்களுக்கென்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டார்கள். வரலாறு, பொருளாதாரம், அரசியல் என்று பாடம் பிரித்து, தெரிந்தவர் தெரியாதவருக்கு நடத்தினார்கள். விவாதம் வைத்தார்கள். கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். 1937இல் இன்னோர் உண்ணாவிரதம். 1938க்குள் அரசியல் கைதிகள் எல்லோரும் தாய்நாட்டுச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். போகும்போது பலரும் தேர்ந்த படிப்பாளிகளாகப் போனார்கள். அங்கே இருந்த விஜய் குமார் சின்ஹா 1939இலேயே இதையெல்லாம் நூலாக எழுதினார்.

அதே சுவர், அதே பூட்டு, அதே கடல். 1912இல் மனிதரை உடைத்த இடம் 1935இல் கல்லூரி போல ஆனது. வேலை குறைந்ததும் சாப்பாடு மேம்பட்டதும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாளின் ஒரு பகுதியை அவர்களே வகுத்துக்கொண்டார்கள் என்பது பெரிய காரணம். அட்டவணை எழுதினால் மனம் லேசாகிவிடும் என்று பயிற்சி வகுப்பில் சொல்வது பாதி உண்மை. 30 பவுண்டும் ஓர் அட்டவணைதான். எழுதுகிற கை நம்முடையதாக இருந்தால்தான் மனம் லேசாகும்.

நம்முடைய வாரம்

நம்மை யாரும் செக்கில் பூட்டவில்லை. அந்தத் தியாகிகளோடு நம்மை ஒப்பிட்டுக்கொள்வதும் அழகல்ல. ஆனாலும் நம் வாரத்தை நாம் எழுதுகிறோமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

வங்கியின் வாரம் முன்பெல்லாம் ஒரு தாளத்தில் ஓடியது. சனிக்கிழமை அரை நாள், ஞாயிறு விடுமுறை. ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை ரிசர்வ் வங்கிக் கணக்குக்கான நாள் என்பதால் அன்று மட்டும் பரபரப்பு. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் முழு விடுமுறை. மற்றவை முழு வேலை நாள். 2019 டிசம்பரில் நெஃப்ட், 2020 டிசம்பரில் ஆர்டிஜிஎஸ் இரண்டும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கத் தொடங்கின. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் இங்கே வந்து சேர்ந்தது. அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்பை நம்பி, திரையில் உருண்டை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய விடுதலை. அதே கேபிள் வழியாகத்தான் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போதும் "அந்த விவரம் இன்றே வேண்டும்" என்ற செய்தியும் வருகிறது!

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலில் வந்த இளம் அதிகாரி ஒருவர். மனைவி, குழந்தை ஊரில். இவர் ஊர் நேரத்திலேயே வாழ்ந்தார். இரவு பன்னிரண்டு வரை போனில் ஊர்க்கதை, காலை ஏழரைக்கு எழுந்திருத்தல். அதற்குள் இங்கே வெயில் ஏறி இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். நான்கே மாதத்தில் தலைவலி, எரிச்சல், ரத்த அழுத்தம். மருத்துவர் மாத்திரை எழுதிவிட்டு, "தம்பி, நீங்க இருக்கிறது அந்தமான்ல, உடம்பு இங்கே இருக்கு, தூக்கம் மட்டும் தஞ்சாவூர்ல இருக்கு" என்றாராம். பத்து மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழ ஆரம்பித்தார். ஊர்ப்பேச்சைக் காலை ஆறரைக்கு மாற்றினார். குழந்தை பள்ளிக்குக் கிளம்புவதைத் தினமும் போனிலேயே பார்க்கிறேன் சார் என்று ஒரு நாள் சொன்னபோது முகமே மாறியிருந்தது.

இன்னொரு வேடிக்கை. எங்கள் வாடிக்கையாளர்களில் தமிழர் நிறைய. 2011 கணக்கெடுப்புப்படி தீவுகளின் 3,80,581 மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழ் பேசுகிறவர்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட, "சார், ராகு காலம் முடியட்டும்" என்று உட்கார்ந்திருப்பார்கள். ராகு காலம் என்பது உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கு. சிவகாசியில் அச்சடித்த நாள்காட்டியில் திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று இருக்கும். அது ஆறு மணி உதயத்துக்குப் போட்ட கணக்கு. இந்த ஊர் உதயத்துக்குப் பார்த்தால் ராகு எட்டரைக்குள்ளேயே கிளம்பியிருப்பார். நம்பிக்கை அவரவர் விருப்பம். நான் சொல்ல வருவது, ஊர்க் காலண்டரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த நாம், சூரியன் மாறியதைக் கவனிக்கவில்லை என்பதுதான்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு சாப்பிட்டதும் ஒரு தாளில் ஏழு கட்டம் போடுவோம். அதில் சில பழக்கங்கள் நிலைத்துவிட்டன. உங்களுக்கும் உதவலாம்.

முதலில் எழுதுவது வேலையை அல்ல, ஓய்வை. வங்கி, தான் வாங்கும் வைப்புத்தொகை முழுவதையும் கடனாகக் கொடுத்துவிட முடியாது. ஒரு பங்கை ரிசர்வ் வங்கியில் வைத்தாக வேண்டும், அதற்கு வட்டிகூடக் கிடையாது. எடுத்து வைத்த பிறகுதான் மீதியைத் தொட முடியும். ஞாயிறு காலை முதல் மதியம் வரை எங்கள் ரொக்க இருப்பு. வெற்றிமலை முருகன் கோயில், கடற்கரை, சமையல், சும்மா உட்காருதல். மாதக் கடைசியில் அதைக் கொஞ்சம் எடுத்தால் அடுத்த வாரம் திருப்பி வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, கஷ்டமான வேலை எல்லாம் வெளிச்சத்தோடு. பெரியவளின் கணக்குப் பாடம், என் பதவி உயர்வுத் தேர்வுப் படிப்பு, என் மனைவியின் நடை எல்லாம் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில். சென்னைச் சொந்தக்காரர்கள் கேட்டால் மலைக்கிறார்கள். சூரியக் கணக்கில் பார்த்தால் அது அவர்களுடைய ஆறு முதல் எட்டுதான்.

மூன்றாவது, நாள் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கு போதும். தினமும் ஒரு மணி நேரம் படிப்பு என்று எழுதினால் அது 30 பவுண்ட் எண்ணெய். ஒரு நாள் தவறினாலும் குற்ற உணர்ச்சி. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் என்று எழுதினால் செவ்வாயில் விட்டதை வியாழனில் பிடிக்கலாம்.

நான்காவது, ஊர்ப்பேச்சுக்கும் ஒரு கட்டம். என் அம்மா திருநெல்வேலியில். அவருக்கு இரவு ஒன்பதரைக்குத்தான் சீரியல்கள் ஓயும், எங்களுக்கோ அது நடுநிசி மாதிரி. புதனும் ஞாயிறும் காலையில் என்று பேசி முடிவு செய்தோம். துபாயில் இருக்கும் தம்பி ஒன்றரை மணி நேரம் பின்னால், அவனுக்கு வெள்ளி மாலை. யார் எப்போது கூப்பிடுவார்களோ என்ற பதற்றம் போய், காத்திருக்கிற சந்தோஷம் வந்திருக்கிறது.

ஐந்தாவது, தாளை எழுதுவது எல்லோரும் சேர்ந்து. சின்னவன் தன் விளையாட்டு நேரத்தைத் தானே எழுதுவான். அப்பா எழுதி ஒட்டிய அட்டவணையைப் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சிறைக்கதை படித்த பிறகு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டெட்ராய்ட்டோ தோஹாவோ, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இந்த வார இறுதியில் ஒரு தாள் எடுத்து ஏழு கட்டம் போட்டுப் பாருங்கள். அங்கே சூரியன் எப்போது வருகிறது என்பதை ஓரத்தில் குறியுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தைப் பாருங்கள் (வளைகுடாவின் பல நாடுகளில் வெள்ளிக்கிழமை). அதற்குள் வேலையை எழுதப் பேனாவை எடுத்தால், தூத்துக்குடியில் ஒன்பது நாள் கூலியில்லாமல் தெருவில் நின்றவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு, அந்த வேலையைத் திங்கட்கிழமைக் கட்டத்தில் எழுதுங்கள்.